இரண்டு அரசுகளுக்கு நடுவே ஒரு தமிழர்: துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

கோலாலம்பூர் வாழ் அன்பர்களுக்குத் தம்புசாமிப் பிள்ளையவர்களின் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தோடும் பத்துமலைத் திருத்தலத்தோடும் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட பெயர் அது. சிங்கப்பூரில் டேவிட்சன் துரையின் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பெரியார், 1875-இல் அத்துரை சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக நியமனம் பெற்றபோது கிள்ளானுக்கு வந்தவர். மாநிலக் கருவூலத்தின் தலைமை எழுத்தராக உயர்ந்து, சிற்சில வேளைகளில் பொருளாளர் பொறுப்பையும் கவனித்தவர். வெள்ளையரிடம் பேனா பிடித்துப் பெற்ற செல்வாக்கைத் தம் மக்களுக்கும் தெய்வத்திருப்பணிக்கும் செலவிட்ட தமிழர் மரபு ஒன்று உண்டு. அம்மரபில், தம்புசாமிப் பிள்ளையவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பிறந்தவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. கோவில் காப்பதற்கு அவர் பட்ட துயரமும், காக்க இயலாமற்போன கதையும் நம் அன்பர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் பிறந்தவர் ஆனந்தரங்கர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகர். தாய்மாமன் முறையினரான நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவர் அழைப்பின் பேரிலேயே குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. துபாஷி என்றால் இரு மொழி வல்லவர் என்று பொருள் கூறுவர். ஆயினும் அப்பதவியை வெறும் மொழிபெயர்ப்பு வேலையாக எண்ணிவிடலாகாது. கும்பினிக்குத் துணி கொள்முதல் செய்வதும், நெசவாளர்க்கு முன்பணம் தருவதும், நகரத்து நாட்டார்களின் வழக்குகளைக் கவர்னரிடம் எடுத்துச் சொல்வதும், அக்கம்பக்கத்து நவாபுகள், கில்லேதார்கள், பாளையக்காரர்களோடு கடிதம் நடத்துவதும் அவருடைய வேலையே.

அந்தப் பதவி எத்தகைய முள் இருக்கை என்பதைச் சிறு வயதிலேயே ஆனந்தரங்கர் கண்டுகொண்டார். நைனியப் பிள்ளை இந்து சமயத்தினராய் இருந்துகொண்டு இத்துணைச் செல்வாக்கோடு விளங்குவதைச் சேசு சபைப் பாதிரியார்கள் விரும்பவில்லை. 1716-இல் கவர்னர் எபேர் காலத்தில் அவர் மீது குற்றங்கள் சாட்டப்பட்டன. கசையடியும் அபராதமும் சிறைவாசமும் தண்டனையாயின. மறு ஆண்டே சிறையில் உயிர் நீத்தார். அவர் மகன் குருவப் பிள்ளை நீதி கேட்டுக் கப்பலேறிப் பிரான்சு தேசம் சென்றார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். (நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அவர்களுக்கு 1995-இல் வழங்கப்பட்டதால் நமக்குப் பழக்கமான சொல் இது. குருவப் பிள்ளை பெற்றது அரசர் காலத்துப் புனித மிக்கேல் வரிசைப் பட்டம்.) சமயம் மாறிய பின்னரே அவருக்கு நீதி கிட்டியது என்பதை அக்குடும்பம் மறந்திருக்க முடியாது.

தந்தையார் 1726-இல் காலமானபின் கவர்னர் லெனுவார் இளைஞர் ஆனந்தரங்கரைப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பில் அமர்த்தினார். நீலச்சாயத் துணி வாணிபத்தை அங்கு அவர் திறம்பட நடத்தினார். ஆனந்தப் புரவி என்னும் பெயரில் அவருக்குச் சொந்தமாகக் கப்பலும் இருந்தது. அந்நாளில் புதுச்சேரிக் கப்பல்கள் அச்சே, கெடா, மணிலா வரை ஓடின. நம் கெடாத் துறைமுகத்தின் செய்தி அக்காலத் தமிழ் வணிகர் வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் அவர் ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினார். தினப்படிச் சேதிக் குறிப்பு என்பது அதன் பெயர். தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமையிட்டு, அன்று கண்டது, கேட்டது, கவர்னரிடம் பேசியது, வந்த கடிதம், போன கடிதம் அனைத்தையும் அதில் பதிந்தார். அதன் தமிழ் புலவர் தமிழன்று. பாரசீகச் சொற்களும் பிரெஞ்சுச் சொற்களும் கலந்த, நாவில் புழங்கிய வணிகர் தமிழ். தமிழ்ப் பள்ளியில் செய்யுளும் இலக்கணமும் படித்து வளர்ந்த என் போன்றோர்க்கு முதலில் கரடுமுரடாகத் தோன்றும். பத்துப் பக்கம் தாண்டினால் அந்த மனிதரின் குரலே காதில் விழத் தொடங்கும்.

கவர்னராக டூப்ளே 1742-இல் வந்த பிறகு கடிதப் போக்குவரத்து பன்மடங்காயிற்று. அது நடந்த முறை சுவையானது. ஆற்காட்டு நவாபிடமிருந்து வரும் கடிதங்கள் பாரசீக மொழியில் இருக்கும். கும்பினியின் பாரசீக முன்ஷியான மதனானந்த பண்டிதர் அதனைப் படித்துச் சொல்வார். பிள்ளையவர்கள் அதன் கருத்தைக் கவர்னருக்கு விளங்க எடுத்துரைப்பார். கவர்னர் சொல்லும் மறுமொழி, அதே வழியில் திரும்பிப் பாரசீக உடை அணிந்து ஆற்காடு செல்லும். அரசுப் பணியில் இருப்போர் அறிவர்: ஒரு கடிதத்தில் கேட்கப்பட்ட காரியத்தைவிட, அதில் இடப்பட்ட விளிப்பும் மரியாதைச் சொல்லுமே பெரும் சச்சரவுக்குக் காரணமாகிவிடும். நவாபுகளின் தர்பாரில் இது இன்னும் கடுமை. பட்டப்பெயரில் ஒன்று குறைந்தாலும் அவமதிப்பு. வணிகர் கூட்டமொன்று அரசரைப்போல் எழுதினாலும் அவமதிப்பு. இந்நுட்பங்களைப் பிரெஞ்சுக்காரர் அறியார். அறிந்தவர் பிள்ளையவர்களே.

1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது இதன் அருமை தெரிந்தது. தம் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் இரு வணிகக் கும்பினிகள் போரிடுவதை நவாபு அன்வருத்தீன் கண்டித்து எழுதினார். நகரத்தைப் பிடித்ததும் தங்களிடமே ஒப்படைப்போம் என்று டூப்ளே மறுமொழி அனுப்பினார். நகரம் வீழ்ந்தது, ஒப்படைக்கப்படவில்லை. சினந்த நவாபு தம் மகன் மாபூசுகானின் தலைமையில் படை அனுப்ப, அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படை அப்பெரும்படையைச் சிதறடித்தது. கடிதத்தில் பணிவும் களத்தில் பீரங்கியும் என்னும் இம்முறையால்தான் வணிகர்கள் நம் நாட்டை ஆளத் தொடங்கினர் என்பது என் கருத்து.

அதே ஆண்டு பிப்ரவரியில் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் காலமானார். அவர் கிறித்தவர். அப்பதவி கிறித்தவருக்கே உரியது என்று பாதிரியார்கள் வற்புறுத்தினர். முதலியாரின் இளவல் போட்டியில் இருந்தார். கவர்னரின் துணைவியார் ஜான் அம்மையாரோ தமிழ் நன்கறிந்தவர். தாமே ஒற்றர்களை வைத்துத் தனிக் கடிதத் தொடர்பு நடத்தியவர். பிள்ளையவர்களை அவருக்குப் பிடிக்காது. இத்தனை இழுபறிக்குப் பின் 1747-இல்தான் ஆனந்தரங்கருக்குப் பதவி உறுதியாயிற்று. பல்லக்கில் மேளவாத்தியத்தோடு கவர்னர் மாளிகை முற்றம் வரை செல்லும் உரிமையும் பெற்றார்.

பல்லக்கு ஏறியவருக்கு அடுத்த ஆண்டே பெருஞ்சோதனை வந்தது.

புதுச்சேரிக்கு வேதபுரி என்பது பழம்பெயர். அங்கே எழுந்தருளியிருந்த வேதபுரீசுவரர் ஆலயம், சேசு சபையாரின் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. அவ்வாலயத்தை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை அரை நூற்றாண்டாகவே இருந்து வந்தது. முன்னைய கவர்னர்கள் முனைந்தபோதெல்லாம் நெசவாளரும் வணிகரும் நகரை விட்டு வெளியேறுவோம் என எழுந்தனர். நெசவாளர் போனால் துணியில்லை. துணியில்லையேல் கும்பினிக்கு வாணிபமில்லை. ஆகவே ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1746-ஆம் ஆண்டில் ஆலயத்துக்குள் அசுத்தம் வீசப்பட்ட செய்தியையும் பிள்ளையவர்கள் வேதனையோடு பதிந்துள்ளார்.

1748 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். பீரங்கிக் குண்டுக்கு அஞ்சி மக்களில் பெரும்பகுதியினர் முன்னரே ஊரை விட்டுப் போயிருந்தனர். வெளியேறுவோம் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அந்தச் சமயம் பார்த்து, செப்டம்பரில், ஆலயத்தை இடிக்க ஆலோசனைச் சபை முடிவெடுத்தது. மகாநாட்டார்கள் பிள்ளையவர்களிடம் ஓடி வந்தனர். சபையின் முடிவைத் தம்மால் மாற்ற இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். உற்சவ மூர்த்திகளையும் பூசைப் பொருள்களையும் உடனே எடுத்துப் போய்க் காளத்தீசுவரன் கோவிலில் சேர்க்கும் வழியைச் சொன்னார். மதில் இடிந்தது, கருவறையும் தப்பவில்லை. யார் யார் வந்தனர், என்ன செய்தனர், எவர் முதலில் காலால் உதைத்தார் என்பது வரை அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினார். தம்மவரின் ஒற்றுமைக் குறைவையும் அவர் மறைக்கவில்லை.

பதவியைத் துறந்திருக்கலாமே என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானது. ஆனால் மாமன் சிறையில் இறந்ததைக் கண்ட குடும்பம் அது. அவர் விலகியிருந்தால் அந்த இடத்தில் அமர்ந்திருக்கக் கூடியவர் மூர்த்திகளை எடுக்க ஒரு நாழிகை கூடத் தந்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அந்த நாளுக்குப் பிறகும் அவர் அதே கவர்னருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்து வந்தார் என்பது படிப்பவர் நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. அவருக்கும் உறுத்தியிருக்கும். இன்றைய கிறித்தவ அன்பர்களோடு நாம் கொண்டுள்ள நட்புக்கும் அக்காலத்து அதிகாரப் போட்டிக்கும் தொடர்பில்லை என்பதை ஈண்டுச் சொல்லிவிட வேண்டும்.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். பிரெஞ்சுக்காரரின் துணையால் வென்ற சந்தாசாகிபும் முசாபர்சங்கும் நன்றிக்கடனாக வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்களைக் கும்பினிக்குக் கொடுத்தனர். துணி வாங்க வந்தவர்கள் நிலவரி வாங்கத் தொடங்கியது அப்போதுதான். கடிதங்களின் பொருளும் மாறிற்று. முன்பு சரக்கும் சுங்கமும் பேசிய தாள்களில் இப்போது குத்தகைப் பாக்கியும் அமுல்தார் நியமனமும் விளைச்சல் கணக்கும் இடம்பெற்றன. முசாபர்சங் பிள்ளையவர்களுக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்னும் தகுதியையும், வசாரத்ராய விசய ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் பட்டத்தையும் அளித்தார். செங்கற்பட்டுச் சாகீரும் கிடைத்தது. பட்டம் உயர்ந்த அதே காலத்தில் உண்மை அதிகாரம் கைநழுவியது. வரி வசூல், அம்மையாரின் ஆதரவு பெற்ற பாப்பையப் பிள்ளையிடம் போயிற்று. குடிகள் பட்ட பாட்டை நம்மவர் ஓரமாக நின்று எழுதினார்.

டூப்ளே 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டார். 1756-இல் கவர்னர் லெரி, உடல் நலிந்திருந்த பிள்ளையவர்களைப் பதவியிலிருந்து நீக்கினார். கடன் பாக்கிகள் நெருக்கின. நோயும் வாட்டிற்று. ஆனாலும் எழுதுவதை அவர் விடவில்லை. லாலியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் தோற்று, 1761 ஜனவரி 16-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே மாதத்தில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்தார்.

குறிப்பேட்டை 1846-இல் கல்வா மோன்ப்ரன் என்னும் பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் படியெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் 1948-இல்தான் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது. தமிழர் எழுதியது தமிழில் வர அத்தனை ஆண்டுகள் ஆயின.

புதுச்சேரி செல்லும் அன்பர்கள் ரங்கப்பிள்ளை தெருவில் அவர் வாழ்ந்த மாளிகையைக் காணலாம். வேதபுரீசுவரர் ஆலயமும் பின்னாளில் திவான் கந்தப்ப முதலியாரின் முயற்சியாலும் பொதுமக்கள் அளித்த பொருளாலும் ஈசுவரன் தருமராசா கோவில் தெருவில் மீண்டும் எழுந்தது. வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. குறிப்பேடும் அவர் மறைவோடு நின்றுவிடவில்லை. அவர் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை, இடிபாடுகளாய்க் கிடந்த அந்நகரின் செய்திகளைத் தொடர்ந்து எழுதி வந்தார்.