பெனிசிலின் கண்ட பெருந்தகை

முள் தைத்த சிறு புண்கூட உயிரைப் பறித்துவிடும் காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சத்தைப் போக்க வழி திறந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங்.

அவர் 1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். 13 வயதில் லண்டன் சென்றார். பின்னர் ஒரு கப்பல் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். உறவினர் விட்டுச் சென்ற சிறு சொத்தைக் கொண்டு 1901-இல் செயின்ட் மேரீஸ் மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில், குண்டுக்குத் தப்பிய வீரர்கள் புண்ணில் சேர்ந்த கிருமியால் மாள்வதைக் கண்டு மனம் நொந்தார்.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பியபோது, கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்தன. கெட்டுப்போன தட்டென்று ஒதுக்காமல் அவர் அதை ஆராய்ந்தார். பெனிசிலின் பிறந்தது.

அதைத் தூய மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டின் ஃப்ளோரி, செயின் முதலிய அறிஞர்கள். 1941-இல், சாகும் தறுவாயிலிருந்த காவலர் ஒருவருக்கு அதை நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். காய்ச்சல் தணிந்தது; அவர் உணவும் உண்டார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. நோய் திரும்பியது, அவர் இறந்தார்.

1945-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையிலும் பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மருந்தைக் குறைவாக உட்கொண்டால் கிருமி சாகாது. அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்றார். தொண்டை வலிக்குத் தாமாகவே குறைவாகப் பெனிசிலின் உட்கொண்ட கணவரிடமிருந்து, மருந்துக்கு அடங்காத கிருமி மனைவிக்குத் தொற்றி அவர் இறப்பதாக ஒரு கற்பனைக் கதையும் சொன்னார். 1955 மார்ச் 11 அன்று அவர் மறைந்தார்.

இன்று மருத்துவமனையில் தங்காமலே, நாள்தோறும் வந்து போயோ வீட்டில் இருந்தபடியோ நரம்பு ஊசி மூலம் இத்தகைய மருந்துகளைப் பெற முடிகிறது. வசதி பெருகும்போது பொறுப்பும் பெருகுகிறது. உடல் தேறிவிட்டதென்று நாமாக ஒரு வேளையை விட்டுவிடுவதும், மாத்திரை போதுமென்று மருத்துவர் சொன்ன பிறகும் ஊசியே வேண்டுமென்று கேட்பதும், சாதாரணச் சளிக்கு இம்மருந்தை நாடுவதும் தவறு.

அந்தக் காவலருக்கு மருந்து போதவில்லை. நமக்கோ, மருந்து நிறைய இருந்தும் பயன்படாமல் போகும் நிலை வரலாகாது. அந்தப் பொறுப்பு நம் வீட்டிலேயே தொடங்குகிறது, தோழியரே!