நல்ல வேலையை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய பாஷோ: 5 மாத சாலை வாழ்க்கை சாத்தியமானது எப்படி?

பேசாம வேலையை விட்டுட்டு எங்கேயாவது கிளம்பிடலாமா என்று திங்கள்கிழமை காலையில் உங்களுக்கும் தோன்றியிருக்கும். 340 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டியவர் ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் மட்சுவோ பாஷோ. ஆனால், அவர் ஒரே நாளில் கிளம்பிவிடவில்லை.

எதை விட்டார்?

1644-ல் இகா மாகாணத்தின் உவேனோவில் பிறந்த பாஷோ, 1672-ல் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) வந்தார். நகரின் குடிநீர்க் கால்வாய்ப் பணியில் சில ஆண்டுகள் இருந்தார். கூடவே கவிதை ஆசானாகவும் பெயர் எடுத்தார். மாணவர்களின் கவிதைகளைத் திருத்தி, மதிப்பெண் போட்டு, கட்டணம் வாங்குவதுதான் அன்றைய ஆசான்களின் பிழைப்பு. போட்டியும் அதிகம்.

தொழில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதே, 1680-ல் நகரின் மையத்தை விட்டு ஆற்றுக்கு அப்பால் ஃபுகாகாவாவில் ஒரு குடிசைக்குக் குடிபோனார். சீடர் ஒருவர் தந்த வாழைக்கன்றை வாசலில் நட்டார். ஜப்பானிய மொழியில் பாஷோ என்றால் வாழை. அதுவே அவர் பெயரானது.

உடனே கிளம்பினாரா?

இல்லை. இடையில் 4 ஆண்டுகள் போயின. 1682-ல் தீ விபத்தில் குடிசை எரிந்தது. அடுத்த ஆண்டு அம்மா இறந்தார். 1684-ல்தான் முதல் நெடும்பயணம்.

1689-ல், 45 வயதில், வீட்டையே விற்றுவிட்டு சீடர் சோராவுடன் வடக்கே புறப்பட்டார். சுமார் 2,400 கி.மீ., 5 மாதம். இரவுக் குளிருக்குக் காகித அங்கி, மழை உடை, மை, தூரிகை. தூக்கிப்போட மனசு வராத பிரிவுப் பரிசுகள் வேறு! ஏற்கெனவே வயிற்றுக் கோளாறு. இதில் ஒழுகும் கூரை, தெள்ளுப்பூச்சிக் கடி என ராத்திரிகள் கழிந்தன. கடைசியில் சோராவே உடம்பு முடியாமல் பாதியில் பிரிந்து போனார்.

காசுக்கு என்ன செய்தார்?

மீன் வியாபாரியான சன்பூ போன்ற சீடர்கள் தாங்கிப் பிடித்தார்கள். போகிற ஊர்களில் கவிதை ஆர்வலர்கள் தங்க இடமும் சாப்பாடும் தந்தார்கள். பதிலுக்கு அவர்களோடு உட்கார்ந்து கவிதை பாடினார். எடோவில் சம்பாதித்த பெயர்தான் சாலையில் சோறு போட்டது.

நிம்மதி கிடைத்ததா?

முழுசாக இல்லை. எடோ திரும்பியதும் பார்க்க வருபவர்கள் கூட்டம். தாங்க முடியாமல் 1693-ல் சுமார் ஒரு மாதம் வாசல் கதவையே பூட்டிக்கொண்டார். அடுத்த ஆண்டு மறுபடியும் கிளம்பியவர், ஒசாகாவில் நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

வடக்குப் பயணத்தை 5 மாதத்தில் முடித்தவர், அதை எழுதித் திருத்தப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 'ஓகு நோ ஹோசோமிச்சி' என்ற அந்த நூல் அச்சாகி வந்தது 1702-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.