நாற்பதைக் காணாத வைத்தியர்... நூறைத் தாண்டிய சர்பத்! யார் இந்த ஹக்கீம் அப்துல் மஜீத்?

மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூருக்குத் தினமும் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகள் வருகிறார்கள். 60 வயது நிறைந்தால் மணிவிழா, 80 கடந்தால் சதாபிஷேகம். இங்குள்ள சுவாமியின் பெயர் அமிர்தகடேஸ்வரர். தேவர்கள் கொண்டுவந்த அமுதக் குடமே லிங்கமாக நின்றுவிட்டது என்கிறது தலபுராணம். குடிக்கிற ஒன்றில் ஆயுளைத் தேடும் ஆசை அவ்வளவு பழசு.

அதே ஆசையோடு டெல்லியில் ஒரு வைத்தியர் காய்ச்சிய பாகுதான் ரூஹ் அஃப்சா. அதைக் காய்ச்சியவர் மணிவிழா காணவில்லை. நாற்பது வயதுகூட நிறையவில்லை. ஆனால் அவருடைய சர்பத்துக்கு 60, 80, 100 எல்லாமே எப்போதோ முடிந்துவிட்டது.

யார் இவர்?

ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத். 1883-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் ஊரில் பிறந்தவர். ஹக்கீம் என்றால் யுனானி வைத்தியர். ஹாஃபிஸ் என்பது குர்ஆனை முழுவதும் மனப்பாடம் செய்தவர்களுக்குரிய பட்டம்.

1906-ல் பழைய டெல்லியில் சின்னதாக ஒரு மருந்துக் கடை போட்டார். பெயர் ஹம்தர்த். அடுத்தவர் வலியில் பங்கெடுப்பவர் என்று அர்த்தம்.

சர்பத் எப்படி வந்தது?

டெல்லி வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரி இல்லை. கடல் காற்று கிடையாது. லூ எனப்படும் வறண்ட அனல் காற்று அடிக்கும். உடம்பில் நீர் வற்றி ஜனங்கள் சுருண்டு விழுவார்கள்.

மாத்திரையோ சூரணமோ கொடுத்தால் நோயாளி மட்டும்தான் சாப்பிடுவார். வீட்டில் எல்லோரும் விரும்பிக் குடிக்கிற மாதிரி கொடுத்தால்? மஜீத் போட்ட கணக்கு இதுதான். யுனானியில் குளிர்ச்சி தருவதாகச் சொல்லப்படும் பொருட்களை எல்லாம் ஒரே பாகில் சேர்த்தார். பருப்புக்கீரை விதை, கொத்தமல்லி, வெட்டிவேர், தாமரை, புதினா, ஆரஞ்சு, தர்பூசணி, ரோஜா, தாழம்பூ என்று அந்தப் பட்டியல் நீளம். 1907 வாக்கில் அது விற்பனைக்கு வந்தது. ரூஹ் அஃப்சா என்றால் உயிருக்குத் தெம்பூட்டுவது என்று பொருள்.

மருந்தாகப் பிறந்தது கொஞ்ச காலத்திலேயே பானமாகிவிட்டது. 1910-ல் மிர்சா நூர் அகமது என்ற ஓவியர் பூக்களும் பழங்களும் நிறைந்த லேபிளை வரைந்தார். அத்தனை வண்ணங்களை அச்சடிக்க டெல்லியில் வசதி இல்லாததால் பம்பாயில் அச்சாகி வந்தது.

1922: எல்லாம் முடிந்ததா?

வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில், 1922-ல் மஜீத் இறந்துபோனார். மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு 14 வயது. இளையவர் முகமது சயீதுக்கு 2 வயதுதான் ஆகியிருந்தது.

கடையை இழுத்து மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூடவிடவில்லை மனைவி ராபியா பேகம். நிர்வாகத்தை அவர் தாங்கிப் பிடிக்க, மூத்த மகன் தோள் கொடுத்தார். இன்றைக்கு ஒரு பாட்டில் நம் கைக்கு வருகிறது என்றால், மஜீத்துக்குச் சொல்லும் நன்றியில் பாதி இந்த அம்மாவுக்குச் சேர வேண்டும்.

பிறகு 1947. நாடு பிரிந்தது, வீடும் பிரிந்தது. ஹமீது டெல்லியிலேயே இருந்துவிட்டார். சயீது 1948-ல் கராச்சிக்குப் போய் அங்கே தனியாக ஹம்தர்த் தொடங்கினார். பின்னாளில் வங்கதேசத்திலும் அதே பெயர், அதே சர்பத். எல்லையில் எத்தனை சண்டை நடந்தாலும், ரம்ஜான் நோன்பு திறக்கும் நேரத்தில் மூன்று நாடுகளிலும் டம்ளரில் ஒரே சிவப்புதான்.

இந்தியாவில் ஹம்தர்த்தை 1948-ல் வக்ஃபு ஆக்கிவிட்டார் ஹமீது. வருமானம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போனது. டெல்லியின் ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகம் அவர் உருவாக்கியதுதான்.

வீட்டிலேயே செய்யலாமா?

ரூஹ் அஃப்சாவின் சரியான அளவுகள் வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் மஜீத் பயன்படுத்திய முறை நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் இதன் பெயர் மணப்பாகு. நன்னாரி சர்பத்தும் இதே வழிதான்.

* 100 கிராம் நன்னாரி வேரைக் கழுவி, இடித்து, நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டை நீக்குங்கள். மணம் இருப்பது மேல்தோலில்தான்.

* அரை லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். வேரைப் போட்டு ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

* வடிகட்டிய நீரில் 1 கிலோ சர்க்கரை சேர்த்து, கரைந்து பிசுபிசுப்பு வரும்வரை காய்ச்சுங்கள். ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றுங்கள்.

ஏன் இவ்வளவு சர்க்கரை? கிருமிகள் வளரத் தண்ணீர் வேண்டும். சர்க்கரை அதிகமானால் பாகில் உள்ள தண்ணீரை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்குக் கிடைக்காது. தண்ணீரும் சர்க்கரையும் சம அளவில் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாட்களில் முடித்துவிடுவது நல்லது.

இப்போது இன்ஸ்டாவில் மாக்டெயில், காக்டெயில் கலக்குபவர்கள் வீட்டு சிரப் என்று காட்டுவதும் அடிப்படையில் இந்தப் பாகுதான். எலுமிச்சைச் சாறும் சோடாவும் கொஞ்சம் புதினாவும் சேர்த்தால் நம்ம நன்னாரியும் அந்த வரிசையில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. குளிர்ச்சி என்ற பெயர் இருந்தாலும் இது சர்க்கரைப் பாகு. நீரிழிவு உள்ளவர்கள் தள்ளியே இருங்கள். வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் சர்பத் கரைத்துக்கொண்டிருக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் குளிர்வித்து, உடனே 108-க்கு போன் போடுங்கள்.