அண்ணல் அம்பேத்கரும் சீனி வியாதியும்

டிசம்பர் 6 வந்தால் தாமிரபரணிக் கரை ஊர்களில் அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் வாங்கிய பட்டங்களைப் பேசுகிறோம். கடைசி ஆண்டுகளில் அவரை வாட்டிய நோயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நம் வீடுகளில் பலருக்கும் இருக்கும் சீனி வியாதிதான் அது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் 14-வது பிள்ளையாகப் பிறந்தார். கூடப் பிறந்தவர்களில் பிழைத்தவர்கள் நான்கே பேர். சிறு வயதிலேயே தாய் பீமாபாயை இழந்தார். சாத்தாரா பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்துத் தனியே உட்கார வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் தண்ணீர், வராத நாளில் தாகம்தான்.

1901-ல் கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்கப் போனபோது, மசூர் ரயில் நிலையத்தில் சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்டிப் போனார்கள். கையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லாததால் சாப்பிடாமலே அந்த இரவு கழிந்தது.

பயமும் அவமானமும் வரும்போது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோலைச் சுரக்கிறது. அது கல்லீரலில் இருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும்; இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும். பாம்பைக் கண்டு ஓடுகிறவனுக்கு இது உதவி. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் தினமும் வகுப்பு மூலையில் ஒடுங்கும் பிள்ளைக்கு இது கேடு. பிற்காலத்தில் தொப்பையும் ரத்தக் கொதிப்பும் சீனி வியாதியும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

கருவிலேயே தொடங்கும் கதையும் உண்டு. அண்ணலின் மராட்டிய மண்ணில், புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவு. ஆனால் குறைந்தது தசைதான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாய் போதிய சத்தின்றி இருந்தால் கருவில் இருக்கும் பிள்ளையின் உடல் சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது. பின்னாளில் வயிறு நிறையச் சோறு கிடைக்கும்போது சர்க்கரை ஏறுகிறது.

அண்ணலுக்கு இதனால்தான் நோய் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பம்பாய் பரேலில் ஒற்றை அறை வாழ்க்கை, லண்டனில் அரைப்பட்டினிப் படிப்பு, பறிகொடுத்த நான்கு குழந்தைகள் என்று சுமைகள் பல. அரசியல் சட்ட வரைவு நடந்த 1948-லேயே கால் நரம்பு வலியில் தூக்கம் கெட்டது. அந்த ஆண்டு அவர் மணந்த டாக்டர் சாரதா கபீர்தான் மருத்துவம் பார்த்தார். 1954-ல் பல மாதம் படுக்கை, பார்வையும் மங்கியது. 1956-ல் 65 வயதில் மறைந்தார்.

சீனி வியாதிக்காரரைப் பார்த்து வாயைக் கட்டவில்லை என்று பழிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் மாசமாக இருக்கும்போதே பிசான நடவுக்கு இறங்கிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. இப்போது கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். அன்று ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கும் மருமகளை மாமியார்தான் கூட்டிப்போக வேண்டும்.