சந்திர நடை

மாதோட்டக் கூத்து மரபை அறிந்தோர்க்கு அண்ணாவியாரின் பெருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் தாளந் தட்டி ஆடிக் காட்டுவார், பிள்ளைகள் பார்த்து ஆடுவர், பிழைத்தால் அதட்டுவார். அண்மையில் மன்னார்த் தீவிலே மாணவன் ஒருவன் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அண்ணாவியார் இல்லாமலே அடி பழகும் முறையொன்றைக் கண்டேன். தொலைக்காட்சித் திரையில் ஓர் உருவம் ஆட, பையன் கையிலே சிறு கருவியொன்றைப் பற்றிக்கொண்டு அதன்படி ஆடினான். அசைவு பொருந்துந்தோறும் திரையிலே புள்ளிகள் ஏறின. ஆடிய உருவம் மைக்கல் ஜக்சனுடையது.

அவர் 1958 ஆகஸ்ட் 29ஆம் நாள், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கேரி நகரிலே பிறந்தார். தந்தை யோசப் உருக்காலையிலே பாரந்தூக்கி இயக்குந் தொழிலாளி. இரண்டே படுக்கையறைகள் கொண்ட வீட்டிலே பெருங்குடும்பம். மைந்தர் ஐவரை இசைக்குழுவாக்கிய தந்தை, வாரைக் கையிலேந்தியே பயிற்சி தந்தார் என்பதைப் பிற்காலத்தில் மைக்கலே உலகறியச் சொன்னார். எதிர்ப் பூங்காவிலே பிள்ளைகள் விளையாடும் ஓசையைக் கேட்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அழுதுகொண்டு சென்ற நாள்களையும் நினைவுகூர்ந்தார். நம் அண்ணாவிமாரும் கடிவதுண்டு. ஆயினும் பழக்கம் முடிந்தால் பிள்ளை கடற்கரைக்கு ஓடிவிடும். அவருக்கோ ஓடுதற்குக் கரை இருந்ததில்லை. பதினொரு வயதிலேயே அவர் குரல் அமெரிக்கா முழுதும் ஒலித்தது.

1983 மார்ச் 25ஆம் நாள் பசடீனா நகர அரங்கிலே, முன்னோக்கி நடப்பவர் போலத் தோன்றிப் பின்னோக்கி வழுக்கிச் சென்றார். சில நொடிகளே நிகழ்ந்த அந்நடை, மே மாதத்தில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் உலகப் புகழ் பெற்றது. அதனைச் சந்திர நடை என்றனர். ஆனால் அதனை ஆக்கியவர் அவரல்லர். 1950களிலேயே பில் பெய்லி என்ற ஆடலர் அவ்வாறு வழுக்கிச் சென்றது படமாகியுள்ளது. தெருவிலே ஆடிய இளைஞரும், ஜெஃப்ரி டானியல் முதலானோரும் அவர்க்கு அதனைக் காட்டினர். கற்றதைப் பழுதறச் செய்தமையே அவர் சிறப்பு. கூத்துக்காரர் இதனைக் குறையெனக் கொள்ளார். அடி எவர்க்கும் தனிச்சொத்தன்று.

சிறுவரைத் தகாதவாறு நடத்தினார் என்ற குற்றச்சாட்டு 1993இலும் 2003இலும் எழுந்தது. 2005இல் யூரிமார் அவரைக் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். எனினும் மறைவுக்குப் பின்னரும் அக்குற்றச்சாட்டுகள் ஓய்ந்தில. இதனை விடுத்து அவர் வரலாற்றை எழுதுதல் முறையன்று. இலண்டன் மேடைக்கு ஒத்திகை நடந்துவந்த காலத்தில், 2009 ஜூன் 25ஆம் நாள், மயக்க மருந்தினால் ஐம்பதாம் வயதில் இறந்தார்.

அவர் உயிருடனிருந்தபோதே, 1990இல், சேகா நிறுவனம் அவரை விளையாட்டுப் பாத்திரமாக்கியது. அதிலே பகைவரையும் தம்முடன் ஆடவைத்தே வீழ்த்துவார். மறைந்த மறு ஆண்டு யுபிசொஃப்ட் நிறுவனம் அவர் ஆடல்களையே பாடமாக்கி வெளியிட்டது. பையன் ஆடியது அதுவே. அதில் ஒரு வியப்புண்டு: நின்டெண்டோவின் வீ கருவிக்கென ஆக்கப்பட்ட வடிவம் கையின் அசைவையே அளக்கும், கால்களை அறியாது. காலினாற் புகழ்பெற்றவரின் ஆட்டத்துக்குக் கைக்கே புள்ளி! அடுத்த ஆண்டு வந்த வேறொரு வடிவம், படக்கருவியால் உடல் முழுதையும் நோக்கியது என்பர்.

நான் விடைபெறும் வேளையில் பையன் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் காலுறை அணிந்துவந்தான். சிமெந்துத் தரையிலே இருமுறை இடறி, மூன்றாம் முறை சுவர்வரை பின்னோக்கி வழுக்கிச் சென்றான். திரையிலே புள்ளி எதுவும் ஏறவில்லை.