மெர்க்குரின்னு பேர் வச்சுக்கிட்ட பஞ்ச்கனி பையன்

கல்ச்சுரல்ஸ் அன்னிக்கு நீங்க கவனிச்சிருப்பீங்க. மேடையில மைக் மக்கர் பண்ணும். கூட்டம் சலசலக்கும். யாரோ ஒருத்தர் பின்வரிசையில ஆரம்பிப்பார்: காலால் ரெண்டு மிதி, கையால் ஒரு தட்டு. பத்து செகண்டுல மொத்த ஆடிட்டோரியமும் அந்தத் தாளத்துக்கு வந்துடும்.

அது 'வி வில் ராக் யூ'. குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1977இல் வெளியிட்ட 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. அதைப் பாடியவர் பியானோ கத்துக்கிட்டது லண்டன்ல இல்லை, மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி என்ற மலை ஊர்ல. பேர் ஃபாரூக் புல்சாரா. உலகத்துக்கு ஃப்ரெடி மெர்க்குரி.

அவர் வாழ்க்கையை ஆல்பம் ஆல்பமாச் சொல்லப் போறேன். காரணம் இருக்கு. பேட்டிகளில் அவர் தன்னைப் பத்தி அதிகம் திறந்து பேசினதில்லை. பிறந்த ஊர், வளர்ந்த ஊர், கடைசியில் வந்த நோய், எல்லாத்தையும் முடிஞ்சவரை மூடியே வச்சிருந்தார். வாயால் சொல்லாத பலதும் ரெக்கார்டுல பதிஞ்சிருக்கு.

முதல்ல ஊர்க்கதை. 1946 செப்டம்பர் 5இல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடலில் இருக்கும் சான்சிபார் தீவில் பிறந்தார். அப்பா பொமி, அம்மா ஜெர், குஜராத் பூர்வீகம் கொண்ட பார்சிகள். புல்சார் என்ற ஊர்ப் பேர்தான் (இப்போ வல்சாட்) புல்சாரா ஆச்சு. அப்பாவுக்கு பிரிட்டிஷ் காலனி அரசாங்கத்தில் காசாளர் வேலை. பையனுக்கு எட்டு வயசானதும் கப்பல் ஏத்தி, பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ் போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க. ஹாஸ்டல் வாழ்க்கை என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனா எட்டு வயசுல, அம்மா அப்பா ஒரு சமுத்திரத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும்போது அது வேற மாதிரி. அங்கதான் கூட்டாளிங்க அவரை ஃப்ரெடின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அங்கதான் பியானோ. அங்கதான் தி ஹெக்டிக்ஸ் என்ற முதல் பேண்டும். ஸ்கூல் பசங்க சேர்ந்து, ரேடியோவில் வந்த ராக் அண்ட் ரோல் பாட்டுகளை வாசிச்ச பேண்டு அது.

1963இல் சான்சிபார் திரும்பினார். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடிச்சது. குடும்பம் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு இங்கிலாந்துக்குப் போனது. குடியேறின ஊர் ஃபெல்தம், லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டை ஒட்டின புறநகர். தலைக்கு மேல விமானம் போனா பேச்சை நிறுத்திட்டு, போன பிறகு தொடர்ற பழக்கம் நம்ம அனகாபுத்தூர், பம்மல்காரங்களுக்கு உண்டில்ல? கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஊர். புதுசா வந்த நாட்டில் ஃப்ரெடி அந்த ஏர்போர்ட்டிலேயே லக்கேஜ் தூக்கியிருக்கார். கூடவே படிப்பு. 1969இல் ஈலிங் ஓவியக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் டிப்ளமா முடிச்சார். அப்புறம் கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விக்கிற கடை. கூட்டு வியாபாரி ரோஜர் டெய்லர், டிரம்ஸ் வாசிப்பவர்.

ரோஜரும் கிட்டாரிஸ்ட் பிரையன் மேயும் ஸ்மைல் என்ற பேண்டில் இருந்தாங்க. 1970இல் அதன் பாடகர் விலகினதும் ஃப்ரெடி உள்ளே வந்தார். பேண்டு பேரைக் குயின்னு மாத்தினார். தன் பேரை மெர்க்குரின்னு மாத்தினார். நாலு பேரோட ராசிகளை வச்சு, ரெண்டு சிங்கம், ஒரு நண்டு, ரெண்டு தேவதை, மேலே ஒரு ஃபீனிக்ஸ் பறவை போட்டு லோகோவும் அவரே வரைஞ்சார். படிச்ச படிப்பு வீண் போகலை.

நாலாவது ஆள் 1971இல் வந்த பாஸ் கிட்டாரிஸ்ட் ஜான் டீக்கன். இங்கதான் நம்ம காலேஜ்காரங்க நிமிர்ந்து உட்காரணும். டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரி, முதல் வகுப்பு. குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து அவர் செஞ்ச குட்டி ஆம்ப்ளிஃபயர், குயின் ரெக்கார்டுகளில் வருஷக்கணக்கா வேலை செஞ்சது. பிரையன் மே இயற்பியல் மாணவர். எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச அப்பாவோட சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செஞ்சவர். பழைய கணப்படுப்பு மேடையின் மரம்தான் கழுத்து, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் உள்ளே. பாதியில் விட்ட முனைவர் பட்டத்தை 2007இல் முடிச்சார். அரியர் வச்சிருக்கிறவங்க மனசைத் தேத்திக்கலாம்.

சரி, ஆல்பங்கள்.

முதல் ஆல்பம் 'குயின்', 1973. ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் காசு கொடுத்த பெரிய ஆளுங்க கிளம்பின பிறகு, மிச்ச நேரத்தில் பதிவு செஞ்சது. கேட்டா தெரியும்: எல்லாத்தையும் ஒரே பாட்டில் கொட்டிடணும்ங்கிற அவசரம். அடுத்தது 'குயின் 2', 1974. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு வெள்ளைப் பக்கம்னு பேர், இன்னொண்ணு கறுப்புப் பக்கம். கறுப்புப் பக்கம் முழுக்க ஃப்ரெடி எழுதினது. இருட்டில் நாலு முகம் மட்டும் தெரியும் அந்த அட்டைப்படத்தைத்தான் பிறகு 'பொஹீமியன் ராப்சடி' வீடியோவில் உயிரோடு பார்க்குறீங்க.

அப்போ இங்கிலாந்தில் கிளாம் ராக் காலம். டேவிட் போவி, டி. ரெக்ஸ் எல்லாம் சாட்டின் துணி, மினுமினுப்பு, கண்மை, உசந்த ஹீல்ஸோடு ஆம்பளைங்க மேடை ஏறின நேரம். இந்தப் பாணிதான் 1980களில் ஃபின்லாந்தின் ஹனோய் ராக்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நம்ம ஊர்க் கூத்தில் ராஜபார்ட் கட்டுறவர் மை பூசி, கிரீடம் வச்சு வந்து நின்னா யாரும் சிரிக்க மாட்டாங்க, ஏன்னா வேஷம் கட்டினதும் அவர் ராஜா. ஃப்ரெடிக்கு வேஷத்தின் அந்த ரகசியம் தெரிஞ்சிருந்தது. 1974 கடைசியில் வந்த 'ஷியர் ஹார்ட் அட்டாக்' ஆல்பத்தின் 'கில்லர் குயின்' பிரிட்டனில் ரெண்டாம் இடம் வரை போனது.

1975இல் 'எ நைட் அட் தி ஓபரா'. ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்கப்போறீங்கன்னா இதைக் கேளுங்க. இதில்தான் 'பொஹீமியன் ராப்சடி'. 5 நிமிஷம் 55 செகண்ட், திரும்பத் திரும்ப வரும் கோரஸ் கிடையாது. நடுவில் வரும் ஓபரா பகுதியில் பெரிய கூட்டமே பாடுற மாதிரி இருக்கும். பாடினது ஃப்ரெடி, பிரையன், ரோஜர் மூணே பேர். அனகாபுத்தூர் தறியில் பாவு, ஊடுன்னு இழை மேல இழை சேர்ந்து புடவை ஆகுற மாதிரி, ஒரே குரலை மறுபடி மறுபடி பதிவு செஞ்சு அடுக்கினாங்க. டேப்பில் இருந்தது 24 டிராக் மட்டும். அது நிறைஞ்சதும் பல டிராக்கை ஒண்ணாக் கலந்து வேற டிராக்குக்கு மாத்தி, காலியான இடத்தில் மறுபடி பாடினாங்க. அந்த ஒரு பகுதிக்கே சுமார் மூணு வாரம். டேப் ஓடி ஓடி மேல்பூச்சு தேய்ஞ்சு, வெளிச்சத்தில் பிடிச்சா அந்தப்பக்கம் தெரிஞ்சதாம். பாட்டு பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம். அதில் பிஸ்மில்லான்னு ஒரு சொல் வரும். சான்சிபார் தெருக்களில் வளர்ந்த பையன் காதில் அது முதல்ல எங்க விழுந்திருக்கும்னு யோசிச்சுக்குங்க.

1978இல் வந்த 'ஜாஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'முஸ்தபா'. தொழுகை அழைப்பு மாதிரி நீண்ட இழுவையோடு தொடங்கும் பாட்டு. எழுதினவர் ஃப்ரெடி. வேற யாருக்கும் அந்தப் பாட்டு வந்திருக்காது. பேட்டியில் மூடி வச்ச ஊர், ஆல்பத்தின் வாசலிலேயே வந்து நிக்குது.

அதுக்கு நடுவில்தான் 1977இன் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்'. கச்சேரியில் ஜனங்க கூடவே பாடுறதைப் பார்த்து, அவங்களுக்குன்னே எழுதின பாட்டுகள். 'வி வில் ராக் யூ' பிரையன் எழுதினது. 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' ஃப்ரெடியுடையது. அந்தக் கால்மிதியைப் பதிவு செஞ்சப்போ எதிரொலி மாதிரி கேட்கக்கூடாது, கூட்டம் மாதிரி கேட்கணும்னு, தாமத நேரங்களைப் பகா எண் விகிதத்தில் பிரையன் அமைச்சார். இயற்பியல் எங்க உதவும்னு கேட்கிறவங்களுக்கு இது பதில்.

1980இல் 'தி கேம்'. அதுவரை சின்தசைசர் இல்லைன்னு அட்டையிலேயே பெருமையா போட்டுக்கிட்டிருந்தவங்க முதல்முறையா அதைத் தொட்டாங்க. அமெரிக்காவிலும் முதலிடம். 1982இல் 'ஹாட் ஸ்பேஸ்', டிஸ்கோ பக்கம் சாய்ஞ்ச ஆல்பம். ரசிகர்கள் பலர் முகம் சுளிச்சாங்க. எனக்கும் முழுசாப் பிடிக்காது. ஆனா டேவிட் போவியோடு பாடின 'அண்டர் பிரஷர்' அதில்தான் இருக்கு, அதுக்காகவே மன்னிக்கலாம்.

1985 ஜூலை 13, வெம்ப்ளி ஸ்டேடியம். எத்தியோப்பியாப் பஞ்சத்துக்கு நிதி திரட்டின லைவ் எய்ட். குயினுக்குக் கிடைச்சது சுமார் 20 நிமிஷம். வீடியோ பார்க்காதவங்க பாருங்க. வெட்டவெளிப் பகல், ஸ்பெஷல் லைட் இல்லை, வெள்ளை பனியன், பாதி உடைஞ்ச மைக் ஸ்டாண்ட். 70,000க்கும் மேற்பட்டவங்களை ஒரு கையசைப்பில் பாட வச்சார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 9, நெப்வொர்த்தில் நடந்தது குயினோடு அவர் பாடின கடைசிக் கச்சேரி. கடைசின்னு அன்னிக்குக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

1987இல் ஃப்ரெடிக்கு எய்ட்ஸ் உறுதியானது.

அந்தக் காலத்தை நீங்க புரிஞ்சுக்கணும். அதுக்கு முந்தின வருஷம், 1986இல், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. மருந்து கிட்டத்தட்ட இல்லை, பயம் மட்டும் ஏராளம். நோயாளியைத் தொடவே தயங்கின காலம். ஆண்களையும் நேசிச்ச ஒரு பாடகருக்கு இந்த நோய்னா பத்திரிகைங்க என்ன எழுதும்னு ஃப்ரெடிக்குத் தெரியும். அதனால வாயைத் திறக்கலை. ஸ்டுடியோவுக்குப் போனார்.

1989இல் 'தி மிராக்கிள்'. இதுவரை பாட்டு எழுதினவர் பேர் தனித்தனியா வரும், ராயல்டி சண்டையும் வரும். இதில் எல்லாப் பாட்டுக்கும் நாலு பேர் பேரும் சேர்ந்து. 1991 பிப்ரவரியில் 'இன்யுவெண்டோ'. கடைசிப் பாட்டு 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்', பெரும்பாலும் பிரையன் எழுதினது. ஃப்ரெடி நடக்கவே கஷ்டப்பட்ட நேரம். அந்த உச்ச ஸ்தாயியை அவரால் தொட முடியுமான்னு பிரையனுக்கே சந்தேகம். கேட்டுப் பாருங்க, அந்தக் குரலில் நோய் எங்க இருக்குன்னு தேடித்தான் பார்க்கணும்.

அப்புறமும் நிறுத்தலை. சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஊர் ஸ்டுடியோவில், எதையாவது எழுதிக் கொடுங்க, நான் பாடிடறேன், மீதியை அப்புறம் நீங்க முடிச்சுக்குங்கங்கிற நிலையில் பாடினார். 1991 மே மாசம் 'மதர் லவ்' பாட்டின் கடைசிச் சரணத்துக்கு முன்னாடி களைச்சுப்போய் நிறுத்தினார். பிறகு அதைப் பாட அவரால் திரும்பி வர முடியலை. அந்தச் சரணத்தை பிரையன் பாடினார். 1995இல் வந்த 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தில் அந்த இடத்தில் குரல் மாறுறது உங்களுக்கே கேட்கும்.

1991 நவம்பர் 23இல் தனக்கு எய்ட்ஸ்னு அறிக்கை விட்டார். அடுத்த நாளே, நவம்பர் 24, இறந்தார். வயசு 45. வாழ்க்கை முழுக்க வெளியில் காட்டாத பார்சி மரபு, இறுதிச் சடங்கில் ஜொராஸ்டிரிய பிரார்த்தனையா வந்தது. எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை 1996 வாக்கில் வந்தது. ஐந்து வருஷம் முந்தியிருந்தா இன்னும் எத்தனை ஆல்பம்னு எந்த ரசிகனும் கணக்குப் போடாம இருந்ததில்லை.

அவரை நம்ம ஆளுன்னு சொந்தம் கொண்டாடுறதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ஆனா அவர் கதையின் மிச்சம் நம்ம ஏரியாவிலேயே இருக்கு. தினமும் டிரெயினில் தாம்பரம் சானட்டோரியம் ஸ்டேஷனைத் தாண்டுறீங்களே, அந்தப் பேருக்குக் காரணம் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கின காசநோய் மருத்துவமனை. மற்ற இடங்களில் கதவடைச்ச எச்ஐவி நோயாளிகளை 1990களில் ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கிட்ட அரசு ஆஸ்பத்திரி அது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமா எச்ஐவி மருந்து கொடுக்க ஆரம்பிச்சப்போ, நாட்டின் முதல் சில மையங்களில் அதுவும் ஒண்ணு. இன்னிக்கு ஒழுங்கா மருந்து சாப்பிடுறவங்க வேலைக்குப் போறாங்க, குடும்பம் நடத்துறாங்க, வயசாகி தாத்தா பாட்டியும் ஆகுறாங்க. ஆனா அந்த கேட்டுக்குள்ள போகும்போது தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களான்னு தலையைக் குனிஞ்சு போறவங்க இன்னமும் இருக்காங்க. மருந்து வந்துடுச்சு, வெட்கம் போகலை. ஃப்ரெடியை நாலு வருஷம் பேசவிடாம வச்சதும் அதேதான்.

இன்னிக்கு ராத்திரி ஹெட்செட் எடுங்க. 'எ நைட் அட் தி ஓபரா'வை முதல் பாட்டிலிருந்து வரிசையா, ஷஃபிள் போடாம கேளுங்க. நாளைக்கு 'இன்யுவெண்டோ'. ரெண்டுக்கும் நடுவில் 15 வருஷம், ஒரு மனுஷன், ஒரே குரல். அடுத்தமுறை டிரெயின் சானட்டோரியத்தில் நிக்கும்போது, அங்க இறங்குற யாரையும் அவசரப்பட்டு எடை போட மாட்டீங்க.