ஆளறிந்த ஜாம்ஷெட்ஜி டாட்டா

தொழில் நடத்துவார்க்கு முதல், இடம், காலம் ஆகிய மூன்றும் இன்றியமையாதன என்பர். இம்மூன்றும் வாய்த்தும் கெட்டழிந்த தொழில்கள் பலவுள. வினை செய்தற்குரிய ஆள் வாய்க்காமையே அதற்குக் காரணமாம். இதனை நன்குணர்ந்த வள்ளுவர், தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் தெரிந்துவினையாடல் என மற்றோர் அதிகாரமும் வகுத்தனர். மோசே தம் மாமனாரின் அறிவுரை கேட்டுத் தகுதியுடையாரைத் தலைவராக நியமித்த வரலாறும் நம் திருமறையில் உளது. ஆளை ஆராய்ந்து கொள்ளுதலிலும், கொண்ட ஆளை ஏற்ற வினையில் நிறுத்துதலிலும் வல்லவராய் விளங்கியவர் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா. அவர் வரலாற்றை இப்பகுதி பற்றியே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

அவர் 1839ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாள், கூர்ச்சர நாட்டு நவசாரியில், பார்சிகளுள் குருமார் குடியிற் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1858இல் தேர்ச்சி பெற்றார். தந்தையாரிடம் வாணிகம் பழகி, 1868இல் 21,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கினார்.

அக்காலத்தில் நெசவாலை நிறுவுவோர் பம்பாயையே நாடினர். டாட்டாவோ பருத்தி விளையும் நிலத்திற்கு அண்மையிலுள்ள நாகபுரியைத் தேர்ந்தார். விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசியெனப் பறைசாற்றப்பெற்ற 1877 சனவரி முதல் நாளிலேயே அவ்வாலை திறக்கப்பட்டமையின், எம்ப்ரெஸ் மில் என்னும் பெயர் பெற்றது.

அவ்வாலைக்கு மேலாளராக அவர் அமர்த்தியவர் பெஜோன்ஜி தாதாபாய் மேத்தா என்பவர். இவர் இருப்புப்பாதையிற் சரக்குப் போக்குவரத்துப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். பஞ்சு நூலாவதைப் பற்றி யாதொரு பழக்கமும் இல்லாதவர். பலவகைச் சரக்கையும் பலதரப்பட்ட மாந்தரையும் ஒழுங்காக நடத்திய திறமே டாட்டாவின் கண்ணுக்குப் புலனாயிற்று. நுட்பம் கற்றுக்கொள்ளத் தக்கது. நிர்வாகத் திறமும் நேர்மையும் எளிதிற் கற்பிக்க இயலாதன என்று அவர் கருதினார் போலும். பெஜோன்ஜியிடம் இல்லாத யந்திர நுட்பத்திற்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயரை உடன் அமர்த்தினார். ஒருவர் குறையை மற்றொருவர் நிறைவால் ஈடுசெய்ததே ஈண்டு நாம் நோக்கற்பாலது.

தொடக்கத்தில் ஆலை நன்கு நடைபெறவில்லை. முதலில் வாங்கிய யந்திரங்கள் தரங் குறைந்தன. இத்தகைய காலத்தில் முதலாளிமார் மேலாளர்மேற் பழி சுமத்தி விலக்குதல் உலக வழக்கம். டாட்டா யந்திரங்களை மாற்றினாரேயன்றி ஆளை மாற்றினாரல்லர். ஆலை தழைத்தது; பெஜோன்ஜியும் நெடுங்காலம் அதனைத் திறம்பட நடத்தினார்.

தொழிலாளர் திறத்திலும் அவர் நோக்கு இத்தகையதே. நாகபுரியில் நாள்தோறும் ஐவரில் ஒருவர் வேலைக்கு வாராதிருத்தல் இயல்பாயிருந்தது. அவர் தண்டத்தை நம்பாமல், வாராமைக்குரிய காரணத்தை நாடினார். தவறாது வருவோர்க்குப் பரிசளித்தார். ஆலையிற் காற்றோட்டத்திற்கு வழி செய்தார். 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்துக்கு ஈட்டுத் தொகையும் ஏற்படுத்தினார். இந்தியாவில் விபத்து ஈட்டுத் தொகைக்குச் சட்டம் பிறந்தது 1923இல்தான் என்பதை நினைக்குங்கால், அவர்தம் முன்னோக்கு விளங்கும்.

தக்கார் கிடையாவிடத்து அவரை உண்டாக்குதலும் தம் கடமையெனக் கொண்டார். மேனாடு சென்று உயர்கல்வி பெறும் இந்தியர்க்குக் கடனுதவி அளிப்பதற்கு 1892இல் ஒரு நிதி நிறுவினார். பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணனும் அந்நிதியின் துணையால் இலண்டனிற் பயின்றவரே.

இரும்பாலை அமைக்கும் எண்ணங்கொண்டு 1902இல் அமெரிக்கா சென்றபோது டாட்டாவுக்கு அகவை அறுபத்து மூன்று. பிட்ஸ்பர்க் நகரத்து ஜூலியன் கென்னடி என்னும் பொறியியலறிஞர், சார்லஸ் பேஜ் பெரின் என்பாரைச் சுட்டினார். டாட்டா நியூயார்க்கில் பெரினுடைய அலுவலகத்திற்குத் தாமே சென்று, இந்தியாவுக்கு வருமாறு வேண்டினார். முன்பின் அறியாத அம்முதியவரின் உறுதி கண்டு பெரின் அவ்வினையை ஏற்றார்.

1904ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், ஜெர்மனியில், டாட்டா உயிர் நீத்தார். அன்று இரும்பாலைக்கு ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை. எனினும் வினை நின்றதில்லை. மைந்தர் தோராப்ஜியும், அவர் முன்னரே தெரிந்துகொண்ட பர்ஜோர்ஜி பாத்ஷாவும், பெரினும் அதனை முற்றுவித்தனர். 1907இல் கம்பெனி தோன்றிற்று. 1912இல் சாக்சியில் எஃகு வார்க்கப்பட்டது. 1919இல் அவ்வூர் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது. பெங்களூரில் அவர் விழைந்த விஞ்ஞானக் கழகமும் 1909இல் நிறுவப்பெற்றது. தலைவன் மறைந்த பின்னரும் வினை முடிவதே, அவன் ஆளறிந்தமைக்குத் தக்க சான்றாம்.

மாணவ அன்பர்காள்! நம்மிற் பலர் சின்னாளில் சிபாரிசுக் கடிதமுங் கையுமாக வேலை தேடிப் புறப்படுவோம். சிலர் பிறர்க்கு வேலை அளிக்கும் நிலையும் பெறுவோம். வேலை தேடுங்கால், பட்டத்தோடு கற்குந் துணிவும் நேர்மையும் நம்பால் உளவா என நம்மை நாமே ஆராய்வோமாக. வேலை அளிக்குங்கால், உறவும் சாதியும் நோக்காது, பெஜோன்ஜியைக் கண்டெடுத்த அக்கண்கொண்டு நோக்குவோமாக.